வாய்க்கரிசி மட்டும் என்னுடையது

அரிச்சந்திரன் பொய் சொல்லாதவன் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் கடைசியில் என்ன வேலை பார்த்தான் என்று கேட்டால் பலர் சற்று யோசித்துத்தான் சொல்வார்கள். அவன் காசிச் சுடலையின் காவலாளி. அங்கு வருகிற ஒவ்வொரு பிணத்துக்கும் கால்பணமும் முழத்துண்டும் வாங்கித் தன் ஆண்டை வீரவாகுவிடம் சேர்க்க வேண்டும். வாய்க்கரிசி மட்டும் அவனுடைய கூலி. அறத்தின் உச்சம் என்று நாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மனிதன், நாடகத்தின் உச்சக் காட்சியில் ஒரு கட்டண வசூலிப்பாளனாகத்தான் நிற்கிறான்.

ஈழத்தவருக்கு மயான காண்டம் என்றால் நடிகமணி வி. வி. வைரமுத்து. காங்கேசன்துறையைச் சேர்ந்த அவர் தன் வசந்த கான சபாவோடு அதை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றியவர். நான் அவரை மேடையில் பார்த்ததில்லை. அவர் 1989 இல் காலமானபோது நான் சிறுவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவில் ஓடிய ஒலிநாடாவில்தான் அந்தக் குரலைக் கேட்டேன். பெடலைச் சுற்றுகிறவர் களைத்தால் அரிச்சந்திரனின் குரலும் தளர்ந்துபோகும். பெரியவர்கள் அழுவார்கள். ஊரெல்லாம் உண்மையாகவே பிணம் விழுந்துகொண்டிருந்த காலத்தில், நாடகத்துப் பிணம் ஒன்றுக்காக அவர்கள் அழுததை நான் வியப்போடு பார்த்திருந்தேன்.

லண்டனுக்கு இந்த நாடகம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஆனந்த குமாரசுவாமியின் தந்தை முத்துக்குமாரசுவாமி, 1863 இல் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இங்கே வெளியிட்டார். தலைப்பிலேயே அரிச்சந்திரனை உண்மைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த தியாகி என்று குறித்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பார்வை மாறவில்லை. நான் அதை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். அந்தச் சுடலையில் ஒழுங்கைக் காப்பாற்றுவது யார்? எதைக் கொண்டு காப்பாற்றுகிறார்?

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திர சபையில் வசிட்டரும் விசுவாமித்திரரும் ஒருவனைப் பற்றி வாதிடுகிறார்கள். அவன் பொய் சொல்லமாட்டான் என்கிறார் ஒருவர். சொல்ல வைக்கிறேன் என்கிறார் மற்றவர். அதற்காக அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான். கொடுத்த வாக்கின் கடனை அடைக்க மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காலகண்டையர் என்ற பிராமணருக்கு விற்கிறான். தன்னை வீரவாகுவுக்கு விற்கிறான். தர்ப்பை பறிக்கப் போன மகன் பாம்பு தீண்டி இறக்கிறான். நாள் வேலையை முடித்துவிட்டுத்தான் பிள்ளையின் உடலைத் தேடிப் போகலாம் என்கிறது சந்திரமதி இருந்த வீடு. அவள் இரவில் தனியாக உடலைச் சுமந்து சுடலைக்கு வந்து, பொறுக்கிய விறகில் தீ மூட்டுகிறாள். காவலாளி ஓடிவந்து தடுக்கிறான். கட்டணம் கொடுக்காமல் எரிக்க முடியாது.

அவளிடம் எதுவும் இல்லை. கழுத்திலிருக்கும் தாலியை விற்றாவது கொண்டுவா என்கிறான் காவலாளி. அந்தத் தாலி அவள் கணவனுடைய கண்ணுக்கு மட்டுமே தெரியும். அப்படித்தான் இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள். மகன் இறந்ததையும் அரிச்சந்திரன் அப்போதுதான் அறிகிறான். அழுகிறான், புரள்கிறான். ஆனால் கட்டணத்தை விடவில்லை. வாய்க்கரிசி என் கூலி, அதை விட்டுத்தருகிறேன். கால்பணமும் முழத்துண்டும் ஆண்டையின் உடைமை, அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. போய்க் கேட்டு வாங்கி வா என்று அவளை அனுப்புகிறான்.

இந்தக் காட்சியில் அரசன் இல்லை, படை இல்லை, சிறை இல்லை. வீரவாகுகூட அங்கே இல்லை. அவன் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கிறான். நடுச்சாமத்தில், சாட்சி ஒருவரும் இல்லாத இடத்தில், ஒரு விதி வரிக்கு வரி நிறைவேறுகிறது. நிறைவேற்றுகிறவன் கொடியவனும் இல்லை. நல்லவன், தன் வேலையை வழிபாடு போலச் செய்கிறவன். அதிகாரத்துக்கு இதைவிட மலிவான, உறுதியான காவல் வேறு கிடைக்காது. பயந்து கீழ்ப்படிகிறவன் ஆண்டை தூங்கியதும் கண்ணை மூடிக்கொள்வான். காசுக்குக் கீழ்ப்படிகிறவன் கூடுதலாகக் கொடுக்கிறவன் பக்கம் சாய்வான். மனச்சாட்சியால் கீழ்ப்படிகிறவனை மட்டும் யாரும் கண்காணிக்கத் தேவையில்லை.

இதை நான் ஒருமுறை ஒரு பெரியவரிடம் சொன்னேன். வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, அக்ஸ்பிரிஜ் றோட்டால் இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். ஊரில் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நின்று என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, நீர் கச்சேரி வாசலிலை நாலு நாள் நிண்டிருக்கமாட்டீர். சொந்தக்காரனுக்கு ஒரு சட்டம், மற்றவனுக்கு ஒரு சட்டம் எண்டு நடக்கிறதை நான் முப்பது வருசம் உள்ளுக்கை இருந்து பார்த்தனான். பெண்சாதிக்குக்கூட விட்டுக்குடுக்காத ஒருத்தன் கதிரையிலை இருந்தால், ஏழைக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன?”

இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நாங்கள் வந்த நாட்டில் ஒரு அனுமதிப் பத்திரம், ஒரு பாஸ், ஒரு கையெழுத்து எப்படிக் கிடைத்தது என்று எங்களுக்குத் தெரியும். யாரைத் தெரியும் என்பதுதான் முதல் கேள்வி. அப்படிப்பட்ட இடத்தில், தெரிந்தவர் தெரியாதவர் என்று பாராமல் ஒரே கட்டணம் கேட்கிற காவலாளி உண்மையில் ஒரு புரட்சிக்காரன். மனைவி என்பதற்காக அரிச்சந்திரன் கட்டணத்தை விட்டிருந்தால், முதல் நாள் அதே சுடலையில் தாலியை விற்றுக் கட்டணம் கட்டிய இன்னொரு தாய்க்கு அவன் என்ன பதில் சொல்வான்? பெரியவர் சொன்னதில் பாதி சரி என்று அன்றே ஒப்புக்கொண்டேன்.

மற்றப் பாதியைப் பிறகு யோசித்தேன். அரிச்சந்திரன் பிழை விட்ட இடம் என்று ஒன்று இருந்தால், அது மனைவியை அடையாளம் கண்ட பிறகு வருவதில்லை. அதற்கு முன்பே வந்துவிடுகிறது. யாரென்று தெரியாத ஒரு பெண், இறந்த குழந்தையோடு, வெறுங்கையோடு நிற்கிறாள். அவளிடம் தாலியை விற்று வா என்று சொல்கிற அந்தக் கணத்தில் அவனுக்குத் தடுமாற்றமே இல்லை. அதே நேரத்தில் கொட்டகையிலும் அழுகை இல்லை. அழுகை எப்போது தொடங்குகிறது? தாலி தெரிந்த பிறகு. அவள் அரசி என்று, மனைவி என்று, பிணம் இளவரசன் என்று தெரிந்த பிறகு. விதி அதேதான், பிணமும் அதேதான். எங்களுக்கு வேண்டியவர்கள் மீது விழுந்ததும் மட்டுமே அது கொடுமையாகிறது. அவன் முதல் நாள் திருப்பியனுப்பிய தாய்மாருக்காக எந்தக் கொட்டகையிலும் யாரும் அழுததில்லை.

இது நாடகத்தோடு நின்றுவிட்ட விஷயம் இல்லை. மயான காண்டத்துக்கு இரவிரவாக விழித்திருந்து அழுத அதே யாழ்ப்பாணத்தில் சாதிக்கொரு சுடலை இருந்தது. 1944 இல் வில்லூன்றி மயானத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்கள் தங்கள் உறவினர் ஒருவரின் உடலை எரிக்க முயன்றபோது, அந்தச் சுடலை தங்களுக்கே உரியது என்றவர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். முதலி சின்னத்தம்பி என்பவர் இறந்தார். பிணத்தை எரிக்கப் போய் இன்னொரு பிணம் விழுந்தது. அரசன் ஒருவன் புலையனுக்கு அடிமையானான் என்பதுதான் அரிச்சந்திரன் கதையில் பார்வையாளரைப் பதறவைக்கும் செய்தி. புலையன் என்று ஒருவனை யார் ஆக்கி வைத்தார்கள் என்று அந்தக் கதை கேட்பதில்லை. வடக்கில் இந்த இசை நாடகங்களைத் தோளில் சுமந்த கலைஞர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் மேடையில் அரசனாக நின்று ஊரை அழவைத்தார்கள். விடிந்ததும் ஊர் அவர்களைப் பழைய இடத்தில் வைத்தது.

அண்மைக் காலத்துக்கு வருகிறேன். 2020 இல் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று இலங்கை அரசு விதி செய்தது. புதைப்பதில் ஆபத்தில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எரிப்பதை மார்க்கம் அனுமதிக்காத முஸ்லிம்களின் உடல்களும் எரிக்கப்பட்டன. டிசம்பர் மாதத்தில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அவை அகற்றப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாறியது, ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

அந்த மாதங்களில் ஒரு விதியை நிறைவேற்றப் பல கைகள் தேவைப்பட்டன. படிவம் நிரப்பியவர், கையெழுத்திட்டவர், வண்டி ஓட்டியவர், அடுப்பின் கதவைத் திறந்தவர். இவர்களில் பெரும்பாலோர் வெறுப்போடு செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. மேலிடத்து உத்தரவு, என் கையில் எதுவும் இல்லை என்று ஒவ்வொருவரும் சொல்லியிருக்கக்கூடும். அது பொய்யும் இல்லை. என் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அந்தக் குழந்தையின் செய்தியை ஒருவர் போட்டார். அதற்குக் கீழே அடுத்து வந்தது ஒரு பிறந்தநாள் வாழ்த்து. எரிப்பது எங்கள் வழக்கம்தானே, இதில் என்ன என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்தத் தாயின் தாலி எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் ஐந்து நாள் நடந்தபோது, அந்தக் கோரிக்கைகளில் இந்த எரிப்பை நிறுத்துவதும் ஒன்றாக இருந்தது. தாலி தெரியாமலும் அழ முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

கிரேக்க நாடகங்களில் இதற்கு ஒரு சகோதரி உண்டு. சோபக்கிளீஸ் கி.மு. 441 அளவில் எழுதிய அன்ரிகனி. அங்கேயும் ஒரு பிணம், ஒரு பெண், ஓர் ஆணை, ஒரு காவலாளி. அரசன் கிரியோனின் தடையை மீறி அன்ரிகனி தன் அண்ணனின் உடலுக்கு மண் தூவுகிறாள். காவலாளி அவளைப் பிடித்து இழுத்து வருகிறான். அவளுக்காக வருந்துகிறான், ஆனால் தன் தலை தப்பியதே பெரிது என்கிறான். சோபக்கிளீஸ் அவனைச் சாதாரண மனிதனாகவே விட்டுவிட்டார். விதியை மீறியவளின் பெயரே நாடகத்தின் பெயராயிற்று. எங்கள் நாடகமோ காவலாளியை நாயகனாக்கியது. கட்டணம் கொடுக்காமல் தீ மூட்டிய சந்திரமதிதான் எங்கள் அன்ரிகனி. அவள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்தவள் இல்லை. கணவன் கொடுத்த வாக்குக்காக விற்கப்பட்டவள். அவளுக்கு நாங்கள் கண்ணீரைக் கொடுத்தோம், கதையின் பெயரை மற்றவனுக்குக் கொடுத்தோம்.

காந்தி சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகத்தைப் பார்த்து அதில் மூழ்கிப்போனதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல உண்மையாக இருக்கக்கூடாது என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம். அந்தப் பையன் வளர்ந்து எடுத்த முடிவுதான் வியப்பு. உப்புக்கு வரி கட்டமாட்டேன் என்று 1930 இல் கடற்கரைக்கு நடந்தார். அரிச்சந்திரன் வரி வசூலித்து உண்மையைக் காத்தான். அவனைப் பார்த்து வளர்ந்தவர் வரியை மறுத்து உண்மையைக் காத்தார். ஒரே நாடகத்திலிருந்து இரண்டையும் கற்கலாம் என்றால், எதை எடுத்துக்கொள்வது என்ற பொறுப்பு பார்க்கிறவருடையது.

நான் எடுத்துக்கொள்வது அந்த வாய்க்கரிசியை. அத்தனை இறுக்கமான விதிக்குள்ளும் ஒரு பங்கு அவனுடையதாக இருந்தது, அதை அவன் விட்டுத்தந்தான். ஒரு பிடி அரிசிதான். ஆனால், எந்தப் பதவியில் இருக்கிறவரிடமும் அப்படி ஒரு பங்கு உண்டு என்று அது காட்டுகிறது. தன் நேரம், தன் தேநீர் இடைவேளை, ஒரு தொலைபேசி அழைப்பு, இன்னொரு வழி இருக்கிறது என்று காதோடு சொல்கிற ஒரு வார்த்தை. என் கையில் எதுவும் இல்லை என்பது அநேகமாக முழு உண்மையாக இருப்பதில்லை.

என் தொழிலில் இது எனக்கு வெறும் உவமை இல்லை. கட்டணங்களையும் அபராதங்களையும் கணக்கிடும் மென்பொருள்களை வடிவமைப்பது என் வேலையின் ஒரு பகுதி. ஒருமுறை ஒரு அலுவலகம் தந்த தேவைப் பட்டியலில், கவுண்டரில் இருப்பவர் கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ எந்த வசதியும் இருக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. காரணம் நியாயமானதுதான், வேண்டியவர்களுக்குச் சலுகை போய்விடக்கூடாது. அந்தக் கூட்டத்தில் நான் எதிர்த்து வாதாடினேன். கடைசியில், காரணத்தை எழுதி, இன்னொருவர் ஒப்புதலோடு பதினான்கு நாள் தள்ளிவைக்கலாம் என்று ஒரு பொத்தான் வந்தது. அரிச்சந்திரனின் சுடலையில் காவலாளி தன் பங்கை விட்டுத்தர முடிந்தது. பல கணினித் திரைகளில் அவனுக்கென்று ஒரு பங்கே வைக்கப்படுவதில்லை. வடிவமைக்கும்போதே வாய்க்கரிசியை எடுத்துவிடுகிறோம்.

பொத்தான் இல்லாத உலகம் எப்படியிருக்கும் என்பதை இந்த நாடு பார்த்துவிட்டது. ஹொரைசன் என்ற கணினி முறை கணக்கில் பணம் குறைகிறது என்று காட்டியதால், 1999 முதல் 2015 வரையான காலத்தில் 900 இற்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். தெற்காசியப் பின்னணியுள்ளவர்கள் அவர்களில் பலர். இல்லாத குறையைத் தங்கள் சேமிப்பிலிருந்து கட்டியவர்களும் உண்டு. பிழை மென்பொருளில் இருந்தது. 2024 இல் தனிச் சட்டம் இயற்றித்தான் அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்க வேண்டியிருந்தது. கணக்காய்வாளர், உதவித் தொலைபேசியில் பேசியவர், வழக்கறிஞர் என்று எத்தனையோ பேர் தத்தம் கடமையைச் செய்த காலம் அது. திரையில் தெரிந்ததை எல்லோரும் உண்மையாகவே சொன்னார்கள்.

இங்கேதான் அரிச்சந்திரனிடம் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மனத்தாங்கல். அவன் சந்திரமதியைத்தான் பணம் கேட்டுவர அனுப்புகிறான். தான் எழுந்து வீரவாகுவிடம் போகவில்லை. நான் கேட்டு அறிந்த எந்த வடிவத்திலும் அவன், “ஆண்டையே, இன்றைக்கு ஒரு தாய் வெறுங்கையோடு வந்தாள். இந்தக் கட்டணம் கொடியது” என்று சொன்னதில்லை. சொல்வதால் அவன் வாக்குத் தவறியிருக்கமாட்டான். ஆண்டையின் பொருளைத் திருடியதாகவும் ஆகாது. அது உண்மைதானே. பொய்யே சொல்லாத மனிதன் அந்த ஓர் உண்மையை மட்டும் மேலே கொண்டுபோகவில்லை. அதிகாரம் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பொய் சொல்லு என்று அது எங்களை வற்புறுத்துவதில்லை. கீழே நடந்ததை மேலே சொல்லாமல் இருந்தாலே அதற்குப் போதும்.

நாடகத்தின் முடிவு இதை இன்னும் வசதியாக்கிவிடுகிறது. அரசகுமாரன் ஒருவனைக் கொன்றாள் என்ற பொய்க் குற்றத்துக்காகச் சந்திரமதியின் தலையை வெட்டும் வேலையும் அரிச்சந்திரனிடமே வருகிறது. அவன் வாளை ஓங்குகிறான். அது மாலையாகி விழுகிறது. தெய்வங்கள் தோன்றுகின்றன, இறந்த பிள்ளை எழுகிறது, எல்லாம் சோதனை என்று தெரியவருகிறது. கட்டணம் வைத்தவரும் தண்டனை விதித்தவரும் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. மேடையில் அந்த மாலை விழும்போது எனக்கும் மனம் நிறையும். ஆனால் வில்லூன்றியில் வாள் மாலையாகவில்லை. பொரளையில் எரிந்த பிள்ளை எழவில்லை. தெய்வம் வந்து சரிசெய்யும் என்று நம்பி வாளை ஓங்குவது நாடகத்துக்குள் மட்டுமே பாதுகாப்பானது.

பெரியவரிடம் இதையெல்லாம் பிறகு ஒருநாள் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “விதியை எல்லாருக்கும் ஒண்டாய் வை, ஆனால் அது பிழையெண்டு கண்டால் மேலிடத்துக்கு எழுது. நான் ரெண்டு தரம் எழுதினனான். ஒருக்கா இடமாத்தம் வந்தது” என்றார். மற்றத் தடவை என்ன நடந்தது என்று கேட்டேன். “ஒரு சுற்றறிக்கை மாறிச்சுது” என்றார். அது எந்தச் சுற்றறிக்கை என்று அவர் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

என் பிள்ளைகளுக்கு மயான காண்டத்தைக் காட்டுவேன். வைரமுத்துவின் குரலை அவர்கள் கேட்க வேண்டும். தாலி கண்ணுக்குத் தெரிவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, இதுவரை இவள் யாரென்று உங்களுக்குத் தெரியாது, இப்போது அந்தக் காவலாளி என்ன செய்ய வேண்டும் என்று கேட்பேன். பதிலை எழுதிவைத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம்.